காணும் என்றொரு அடி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு நிகழ்ச்சிக் கையேட்டுக்கு முந்நூறு சொல் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: ‘ஒரு நாடு தனக்கென்று ஒரு பாலேயை எப்படி உருவாக்கியது’. புதன்கிழமை மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அச்சகம் வாங்காது.

இன்று புதன்கிழமை. நேரம் பன்னிரண்டு நாற்பது. நூற்றிப்பத்துச் சொல் எழுதிவிட்டு நிறுத்தினேன். நீங்கள் படிப்பது அது அல்ல. அதை எழுத முடியாமல் எழுதிக்கொண்டிருப்பது.

கேட்டவர் ஜோஸ்லின். கியூபெக்காரி, அறுபத்திரண்டு வயது. பார்க்-எக்ஸ்ரென்சன் பகுதியில் கைவிடப்பட்ட ஒரு தேவாலய மண்டபத்தில் ஒன்பது ஆட்டக்காரர்களை வைத்துச் சிறிய பாலே குழு நடத்துகிறார். வெள்ளிக்கிழமை மாலை அந்தக் குழு ஒரு புதிய ஆட்டம் ஆடப்போகிறது. அதை அமைத்தவள் நிரஞ்சனி.

நிரஞ்சனி என் மனைவி. போன மாசி மாதம் இறந்துபோனாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய். முப்பத்தொரு வயது. இதைப் பற்றி இதற்கு மேல் இங்கே இல்லை.

(எழுதத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பந்தி எழுதுவார்கள். எனக்கு வரவில்லை. வரும்வரை காத்திருந்தால் மூன்று மணியாகிவிடும்.)

2

முதல் தொடக்கம்:

“பாலே இத்தாலிய அரண்மனைகளில் பிறந்தது. பிரான்சில் பெயர் பெற்றது. ரஷ்யாவில் முதுகும் தோளும் பெற்றது. டென்மார்க்கில் கைகள் அடங்கி, கால்கள்”

விட்டேன். இது யாரும் எழுதக்கூடியது. நூலகத்தில் இதைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்:

“அந்த மண்டபத்தின் நடுவில் ஒரு தூண் இருக்கிறது.”

இது பரவாயில்லை. இரும்புத் தூண். கூரையைத் தாங்குவதால் அகற்ற முடியாது. ஜோஸ்லினின் ஆட்டக்காரர்கள் இருபது வருடமாக அதில் முட்டாமல் சுழலப் பழகியவர்கள். இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து, கையைக் கொஞ்சம் பிந்தித் திறப்பார்கள். தூண் இல்லாத அரங்குகளில் ஆடும்போதும் அப்படியே செய்வார்கள். ஒருமுறை ஒட்டாவாவில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, “இந்தச் சாய்வு கியூபெக்குக்கே உரியது” என்று எழுதினாராம். நிரஞ்சனி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு நாட்டின் பாணி எப்படி வருகிறது என்று கேட்டால் அவள் பதில் அதுதான். மேடை சின்னது, கூரை தாழ்வு, ஆசிரியைக்கு இடுப்பு வாதம். மாணவர்கள் வாதத்தையும் சேர்த்துப் பழகுவார்கள். இரண்டு தலைமுறை போனால் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் கிடைக்கும்.*

‘நாடு’ என்ற சொல்லிலும் எனக்குச் சிக்கல். ஜோஸ்லினுக்கு நாடு என்றால் கியூபெக். அவருக்கு மானியம் தரும் அலுவலகத்துக்கு நாடு என்றால் கனடா. முன்வரிசையில் இருக்கப்போகும் என் மாமிக்கு நாடு என்றால் மன்னார். ஒரே மண்டபம்.

* நிரஞ்சனியே ஒரு பிழையால்தான் பாலேக்குப் போனாள். அவளுடைய அப்பா செபஸ்தியாம்பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தில் நாட்டிய நாடகத்தைப் ‘பலே’ என்பார்களாம். இங்கே பலகையில் அந்தச் சொல்லைக் கண்டு, மகள் மாதா வேடம் போட்டு ஆடப்போகிறாள் என்று நினைத்துச் சேர்த்துவிட்டார். அவர் இந்தக் கதையில் மறுபடி வரமாட்டார்.

3

போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். மண்டபத்தில் நானும் அவளும் மட்டும். பியானோ இசை ஐந்து நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. அவள் ஆடிக் காட்டுவாள், நான் போனில் படம் பிடிக்க வேண்டும். ஒன்பது பேருக்கும் பழக்குவதற்கு அந்தப் படம். அவள் அடிகளை எழுதி வைப்பதில்லை.

கார் தெருவில் நின்றது. பனி அள்ளும் நாள். அள்ளும் வண்டிகளுக்கு முன்னால் ஒரு இழுவை வண்டி சைரன் அடித்துக்கொண்டு வரும். அதற்குள் எடுக்காத காரை இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த நகரத்தில் குளிர்காலத்தை அந்தச் சத்தத்தால்தான் அறிவோம்.

படத்தில் நாலு நிமிடம் ஆறு வினாடியில் சைரன் கேட்கிறது. அப்போது அவள் சுவரைப் பார்த்தபடி இடது நுனிக்காலில் எழுகிறாள். வலது கால் பின்னால் உயர்கிறது. நாலு நிமிடம் பதினொரு வினாடியில் ஒரு ஆண்குரல் சொல்கிறது:

“காணும்.”

அவள் தலையை மட்டும் திருப்பிக் கமராவைப் பார்க்கிறாள். கால் இன்னும் மேலே. மூன்று வினாடி. பிறகு குதிக்கால் நிலத்தில் தட்டுகிறது. படம் முடிகிறது.

மிச்சத்தைப் பேந்து, இன்னொரு நாள், எடுக்கலாம் என்று காரில் சொன்னாள். பேந்து என்று எங்களுக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புரட்டாதியில் ஜோஸ்லின் படத்தைக் கேட்டார். அனுப்பினேன். முழுதாகப் பார்க்காமல் அனுப்பினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்க வரச் சொன்னார்கள். போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெப்பக் குழாய்ப் பக்கம் கதிரையில் அமர்ந்தேன்.

ஒன்பது பேரும் சுவரைப் பார்த்து ஒற்றைக் காலில் எழுந்தார்கள். ஒலிபெருக்கியில் சைரன் வந்தது. அதன்மேல் என் குரல்.

“காணும்.”

ஒன்பது தலைகளும் திரும்பின. என்னைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் தாண்டி யாரையோ தேடின. பிறகு ஒன்பது குதிக்கால்கள் ஒன்றாகத் தட்டின. இசை நின்றது. விளக்கு அணைந்தது.

ஷெரோன் ஓடிவந்தாள். ஜோஸ்லினின் உதவியாளர். சென்னை, பெரம்பூர். அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“எப்படிண்ணா இருந்துச்சு?”

“என்ரை குரலையும் போட்டிருக்கிறியள்.”

“அது இல்லாம எப்படி? அதானே முடிவு! ஜோஸ்லின் என்கிட்ட இது என்ன வார்த்தைன்னு கேட்டாங்க. சொன்னேன். அழுதுட்டாங்க.”

“என்னண்டு சொன்னனீர்?”

“காணும்னா காணும்தான். சாவியக் காணும், பூனையக் காணும். ஆளக் காணும்.” குரலைத் தணித்தாள். “அவங்க உங்க கண்ணு முன்னாடி நிக்கிறாங்க, நீங்க காணும்னு தேடியிருக்கீங்க. மூணு வாரம் முன்னாடியே. எப்படிண்ணா?”

அந்த அடிக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களின் வாயில் அது ‘கனூம்’. பாலேயின் பழைய அடிகளோடு ஒரே வரிசையில்: ப்ளியே, ழெத்தே, கனூம். வேறு இரண்டு பயிற்சிகளிலும் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் காணும் என்றால் போதும். சோறு போடும்போது சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் கையை வைத்துச் சொல்வது. பிள்ளை கத்தினால் சொல்வது. நான் சொன்னது அதுதான். போதும், நிறுத்து, காரை எடுக்க வேணும்.

ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். ஷெரோன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்படித்தானேண்ணா?”

“ஓம்,” என்று தலையை ஆட்டினேன்.

5

ஷெரோன் என்ற பாத்திரம் இந்தக் கதைக்கு இடைஞ்சல்.

முதலில் அவளை அவசரக்காரியாக எழுதினேன். சூயிங்கம் மென்றாள். [வரியை அடித்தேன். அவள் மெல்லவில்லை.] பிறகு, இலங்கைத் தமிழை மதிக்காதவளாக எழுதினேன். அதுவும் பொய். அந்த ஒரு சொல்லைப் பெரம்பூரிலிருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பி உறுதிசெய்திருக்கிறாள். அம்மாவும் காணோம் என்றுதான் சொன்னாராம். அதற்குப் பிறகும் என்னிடம் கேட்டாள். ஒரு ஆள் இதற்கு மேல் என்ன செய்யலாம்?

ஆகவே சந்தேகப்பட வேண்டிய பாத்திரம் ‘ஓம்’ என்றவன். றஜிந்தன். முப்பத்திநாலு வயது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாய வளாகத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாதிரியில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுவது அவன் தொழில். கூட்டி எழுதினாலும் குறைத்து எழுதினாலும் வேலை போகும்.

நிலைமை இதுதான். வெள்ளிக்கிழமை, நிரஞ்சனியின் பெயரில், நிரஞ்சனி செய்யாத முடிவு ஒன்று ஆடப்படும். அவளுக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. அதற்கு அவளிடம் அடிகள் இருந்தன. பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். அவர்களுக்குச் சொல் சரியாகவே விளங்கும். மற்றப் பாதிப்பேருக்குக் கையேட்டில் நான் எழுதுவதுதான் விளக்கம்.

ஒன்று முப்பத்தைந்து.

6

போன் அடித்தது. மாமி. நிரஞ்சனியின் அம்மா, மாக்கிரட். லவாலில் இருக்கிறார்.

“தம்பி, சாப்பிட்டிட்டீரோ?”

“ஓம் மாமி.”

“பொய். சரி, கேளும். வெள்ளிக்கிழமை கோயில் ஆக்களோடை பதின்மூண்டு பேர் வாறம். மெற்றோவிலை. அன்டன் தன்ரை வான் வண்டியிலை ஏத்துறன் எண்டவன். அந்த வண்டியிலை ஹீற்றர் கிடையாது. வந்து இறங்கேக்கை என்னைப் பெட்டியிலைதான் இறக்க வேணும்.”

“முன்வரிசை வைச்சிருக்கினம் மாமி.”

“கால் நீட்டலாமோ?”

“நீட்டலாம்.”

“அந்தச் சென்னைப் பிள்ளை எடுத்துக் கதைச்சது. நல்ல பிள்ளை. ஆன்ட்டி ஆன்ட்டி எண்டு ஒரே தேன்தான். உம்மடை குரலும் வருதாமே அதிலை?”

“ஓம்.”

“என்ன சொல்லுறீர்?”

யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் படியில் பனி உருக உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று படி எண்ணினேன்.

“பேந்து சொல்லுறன் மாமி.”

“ஒரு சொல் எண்டெல்லோ அந்தப் பிள்ளை சொன்னது. ஒரு சொல்லைச் சொல்ல என்ன பேந்து?”

“வேலை ஒண்டு இருக்கு.”

“சரி செய்யும். நான் வெள்ளிக்கிழமை கேக்கத்தானே போறன்.”

வைத்துவிட்டார்.

7

முடிவுகள். எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்றும் சொல்லாமல் விடலாம். கையேட்டில் ‘காணோம்’ என்று போடலாம். இதற்கு என்னிடம் நல்ல நியாயமும் இருக்கிறது. பாணி என்பது பிழையிலிருந்து வருவது என்று நான்தான் மேலே எழுதினேன். பத்து வருடத்தில் இந்த நகரத்துப் பிள்ளைகள் கனூம் பழகுவார்கள். தேடுகிற தலை, தட்டுகிற குதிக்கால். யாரோ ஒட்டாவாவிலிருந்து பார்த்துவிட்டு, இது இந்த நாட்டுக்கே உரியது என்று எழுதுவார். எழுதட்டும். தூணும் அப்படி வந்ததுதானே.

ஆனால் தூண் அவளைப் பார்த்து நிறுத்தச் சொல்லவில்லை.

வேறு. சொல்லுக்கு முன்னால் வெட்டிவிட்டு, மிச்ச இசையை வெறும் மேடையில் ஓடவிடலாம். ஒன்றரை நிமிடம் வெளிச்சம் மட்டும். மிக அழகாக இருந்தது. எழுதி முடித்ததும் வெட்கம் வந்தது. அந்த ஒன்றரை நிமிடத்தில் அவள் குதித்திருப்பாள், சுழன்றிருப்பாள், தூணைத் திட்டியிருப்பாள். வெறும் மேடை அவளுடையதல்ல. அது துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்காகச் செய்வது.

இன்னொன்று. மிச்ச அடிகளை நான் ஞாபகத்திலிருந்து சொல்லலாம். குசினியில் அவள் ஏதோ செய்வதைப் பார்த்திருக்கிறேன். கேத்தில் கொதிக்கும்வரை அலுமாரியைப் பிடித்துக்கொண்டு

இல்லை. நான் பார்க்கவில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு இருபது. ஷெரோனுக்குப் போன் எடுத்தேன்.

8

“ஷெரோன், அந்தச் சொல்லுக்கு நீர் சொன்ன கருத்துப் பிழை. எங்கடை தமிழிலை காணும் எண்டால் போதும்.”

பின்னால் பியானோ கேட்டது. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

“போதும்னா… மனசு நெறஞ்சு போதும்ன்றதா அண்ணா?”

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்தாள். அது எனக்குத் தெரிந்தது. அதனூடாகப் போயிருக்கலாம்.

“இல்லை. நிப்பாட்டு எண்ட போதும்.”

“எதுக்கு?”

“பனி அள்ள வந்தவங்கள். கார் றோட்டிலை நிண்டது.”

பியானோ ஒரு வரி முழுதாக ஓடி முடிந்தது.

“ஞாயித்துக்கிழம கேட்டேனேண்ணா. ஓம்னீங்களே.”

“ஓம்.”

“இப்பவும் ஓமா!” முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. “ஒன்பது பேருக்கு நாலு மாசமா நான் சொல்லிக் குடுத்திருக்கேன். தேடுங்க, கண்ணுல தேடுங்கன்னு. சரி, விடுங்க. மிச்சம் எங்க? அவங்க என்ன பண்றதா இருந்தாங்க?”

“தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாதா, யாருக்குமே தெரியாதா?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஜோஸ்லின்கிட்டச் சொல்றேன்,” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

9

பிறகு மாமிக்கு எடுத்தேன். இதைக் கதையில் சேர்ப்பதா என்று பத்து நிமிடம் யோசித்தேன். பத்து நிமிடம் என்னிடம் இல்லை. சேர்க்கிறேன்.

“காணும் எண்டு சொன்னனான் மாமி.”

“ஆருக்கு?”

“அவளுக்கு. ஆடேக்கை. பாதியிலை.”

தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

“ஏன்?”

“சைரன் அடிச்சது. காரை இழுத்துப்போடுவாங்கள் எண்டு.”

“இழுத்தவங்களோ?”

“இல்லை. நேரத்துக்குப் போயிட்டம்.”

“நல்லம்,” என்றார் மாமி.

அந்தச் சொல்லை எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை. யாழ்ப்பாணத் தமிழும் உதவாது, சென்னைத் தமிழும் உதவாது.

“அவள் என்ன செய்தவள்?”

“திரும்பிப் பார்த்தவள்.”

“கோவமாவோ?”

“தெரியேல்லை மாமி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாப்பது தரம் பார்த்திட்டன். தெரியேல்லை.”

“எனக்கு அனுப்பும்.”

“மாமி…”

“அனுப்பும் எண்டுறன். அந்த முகத்தை நான் பெத்தனான். எனக்குத் தெரியும்.”

அனுப்பினேன். போனில் ஒரு சின்னக் குறி விழுந்தது. பார்த்துவிட்டார். எழுதவில்லை. திருப்பி எடுக்கவில்லை.

10

இரண்டு ஐம்பது. கையேட்டுக்கான நூற்றிப்பத்துச் சொல்லையும் திறந்தேன். தூணை வைத்துக்கொண்டேன். இத்தாலியை எடுத்துவிட்டேன். கடைசியில் இதைச் சேர்த்தேன்: “நான்காம் நிமிடத்தில் கேட்கும் குரல் கணவனுடையது. அது அவளை நிற்கச் சொல்கிறது. ஆட்டம் அங்கே முடியவில்லை.” அனுப்பிவிட்டேன். முந்நூறு இல்லை. கேட்டால் இல்லை என்பேன்.

அனுப்பிய கையோடு போன் அடித்தது. ஷெரோன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ஜோஸ்லினின் குரல் தூரத்தில் கேட்டது.

“அஸ்ஸே?” என்றார். பிரெஞ்சில் போதும். மறுபடி, கேள்வி இல்லாமல்: “அஸ்ஸே.”

பிறகு வேகமாகக் கதைத்தார். எனக்கு விளங்கியது. ஆனாலும் ஷெரோன் தமிழில் சொன்னாள், பிழை வரக்கூடாது என்பது போல ஒவ்வொரு சொல்லாக.

“ரெண்டு நாள் இருக்குன்றாங்க. வார்த்தைய எடுத்துட்டு அங்கயே முடிக்கலாம். இல்ல வார்த்தையோட, உண்மையான அர்த்தத்தோட முடிக்கலாம். நிறுத்தின மாதிரி. தேடுற மாதிரி இல்லாம. இல்லன்னா மிச்ச ஒன்றரை நிமிஷத்த இவங்களே சேந்து புதுசா பண்ணுவாங்க. ஆனா முடிவு நீங்கதான் சொல்லணுமாம். உங்க மனைவின்றதால.”

“நான் சொல்லமாட்டன்.”

“அண்ணா.”

“ஒருக்கா நான் முடிச்சுவைச்சிட்டன், ஷெரோன். ரெண்டாந்தரம் முடிக்கமாட்டன்.”

அவள் அதை ஜோஸ்லினுக்குச் சொல்லவில்லை.

“சைரன் வர்ற இடத்துல நிறுத்தி வச்சிட்டுப் பேசுறோம்ணா. ஒன்பது பேரும் கால் தூக்கி நிக்கிறாங்க. ஒருத்தருக்கு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஏதாவது சொல்லுங்க.”

மூன்று மணி. அச்சகம் மூடியிருக்கும்.

இங்கே நான் பேனையை வைக்கிறேன். ஒன்பது பேர் இன்னும் சுவரைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அவர்களை இறக்கவோ தொடர்ந்து ஆட வைக்கவோ ஒரு சொல் வேண்டும். அது என் வாயிலிருந்து வராது. நீங்கள் சொல்லுங்கள். எந்த ஊர்த் தமிழிலும் சொல்லலாம். கெதியாகச் சொல்லுங்கள், கால் வலிக்கும்.